மருந்து: பூஜ்யம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நீ காரியம் இருந்தால்தான் கடிதம் எழுதுகிறவன். இதைத் திட்டாக எடுத்துக்கொள்ளாதே. ஏழு வருடமாக நான் பார்த்துவரும் நடப்பு இது. நாலு மாதம் மூச்சுப் பேச்சில்லை. பிறகு திடீரென்று மூன்று பக்கத்துக்கு விசாரிப்பு: மருமகள் எப்படிப் படிக்கிறாள், மச்சானுக்கு வேலை எப்படி, மழை உண்டா. நாலாவது பக்கத்தில்தான் விஷயம். உங்கள் வீட்டில் மாதம் என்ன செலவாகிறது, ஒவ்வொன்றாக எழுது என்கிறாய்.

சரி, எழுதுகிறேன். வழக்கம்போல் இதை அம்மாவுக்கு நீ சத்தமாகப் படித்துக் காட்டுவாய். அம்மா, நீயும் கேட்டுக்கொள். இந்த ஊருக்கு வந்து நாங்கள் கெட்டுப்போய்விடவில்லை.

வாடகை நானூறு. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது. பால் தொண்ணூறு. கரண்டுக்குப் பதினெட்டு. உன் மருமகள் பள்ளிக்கு நாற்பது. பஸ்ஸுக்கு இருபத்தைந்து. மருந்து: பூஜ்யம். மருந்துக்கடைக்காரனுக்கு எங்கள் முகமே தெரியாது. மச்சான் கல் மாதிரி இருக்கிறார். கூட்டிப் பார், தொள்ளாயிரத்து இருபத்து மூன்று. உங்கள் ஊரில் இந்தப் பணத்துக்கு ஒரு ஆள் மூச்சு விட முடியுமா?

எதற்குக் கேட்கிறாய்? இங்கே குடிவருகிற யோசனையா? உன் மனைவியின் உடம்பைக் கவனித்துக்கொள். நாங்கள் மூவரும் சுகம்.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்று படித்ததும் அம்மா முகம் மாறிவிட்டது. இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னாள். "பால் தொண்ணூறுக்கா வாங்குறா? பொழைச்சுக்கிட்டாளே!" என்றாள். ஏழு வருடம் முன்னால் உங்கள் சாமான் வண்டி கிளம்பியபோது கோபித்துக்கொண்டு வாசலுக்கே வராத அம்மாதான் இது. நீ வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தே சமாளிக்கிறாய் என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் சொல்லியாகிவிட்டது.

நீ கேட்டதற்கு வருகிறேன். எங்கள் பம்ப் பட்டறையை அப்படியே உங்கள் ஊருக்கு மாற்றப்போகிறார்கள். லேத், வார்ப்பு, பெயின்ட் மூன்று பிரிவும் சேர்த்து நூற்று நாற்பது பேர். அலுவலகம் மட்டும் இங்கேயே இருக்கும், ஆகையால் நானும் இங்கேயேதான். இரண்டு ஊர் விலைவாசியையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை தயாரிக்கும் வேலையை மேனேஜர் என்னிடம் கொடுத்திருக்கிறார். முதல்முறையாக என்னை நம்பிக் கொடுத்த வேலை.

என் மனைவிக்கு மூன்றாவது மாதம். எதைச் சாப்பிட்டாலும் வெளியே வந்துவிடுகிறது. மச்சானுக்கு என் வணக்கம். மருமகளுக்கு என் அன்பு.

தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் அவரவர் வேலையில் நன்றாக இருக்கிறோம். உன் மனைவிக்குக் காலையில் வெறும் வயிற்றோடு எழுந்திருக்க வேண்டாம் என்று சொல். படுக்கையிலேயே இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு எழுந்தால் குமட்டல் குறையும். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

அட்டவணை போட நீ நேரில் வந்து கடைகடையாக விசாரிப்பாய் என்று நினைக்கிறேன். ரயிலில் ஒன்றரை மணி நேரம்தானே. வருவதாக இருந்தால் முன்கூட்டி எழுது. வீட்டில் வெள்ளையடிக்கும் வேலை நடக்கிறது, சாமானெல்லாம் தாறுமாறாகக் கிடக்கிறது, உட்கார இடமில்லை. இந்த மாதம் வேண்டாம். அடுத்த மாதமும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மார்க்கெட்டுக்கு வந்தால் அங்கேயே வந்து உன்னைப் பார்த்துவிடுகிறேன்.

அந்த அட்டவணையை வைத்து என்ன செய்வார்கள்? அதை நீ எழுதவில்லையே.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பிஸ்கட் வைத்தியம் பலித்துவிட்டது. அவள் உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

நான் வரத் தேவையில்லாமல் போய்விட்டது. அட்டவணையை முடித்துக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா ஒரு பேப்பர் இந்த ஆபீஸ்ல நான் பார்த்ததில்லைய்யா" என்றார். ஏப்ரல் முதல் நான் சீனியர் கிளார்க். தனி மேஜை, மேலே மின்விசிறி. அம்மா என் தலையைச் சுற்றி விரலை நெரித்தாள்.

எங்கள் பட்டறையில் லேத் ஓட்டும் நம் அடுத்த தெரு டர்னர் அண்ணன் ஏப்ரல் முதல் வாரத்தில் குடும்பத்தோடு அங்கே வருகிறார். உன் பக்கத்தில் ஏதாவது வீடு இருந்தால் பார்த்துக் கொடு. உன்னைப் போல நானூறில் கிடைத்தால் போதும். சம்பளத்தில் ஊருக்குத் தகுந்தபடி சின்ன மாற்றம் இருக்கும், ஆகவே அவரும் கொஞ்சம் பார்த்துத்தான் செலவு செய்ய வேண்டியிருக்கும்.

உங்கள் சுகத்துக்கு இரண்டு வரி எழுது.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

எங்கள் சுகத்தைப் பிறகு எழுதுகிறேன்.

டர்னர் அண்ணன் வந்துவிட்டார். பதினாறு நாள் வீடு தேடினோம். எட்டுக்குப் பத்தில் ஒற்றை அறை, வெளியே பொதுக் கழிப்பறை, எழுநூற்றைம்பது சொல்கிறார்கள். சமையலுக்குத் தனி இடம் வேண்டுமென்றால் தொள்ளாயிரம். கடைசியில் எழுநூற்றைம்பதுக்கே முன்பணம் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தெருமுனையில் டீ வாங்கிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"தங்கச்சி, இந்தக் கூத்தைக் கேளு. நம்ம சம்பளத்தை எதை வச்சுக் குறைச்சாங்கன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தான். நான் காப்பி எழுதிட்டு வந்தேன். வாடகை நானூறாம். பால் தொண்ணூறாம். கரண்டு பதினெட்டு. அடேய், பதினெட்டுக்கு மின்மினிப்பூச்சி கூட எரியாதேடா! மருத்துவம் பூஜ்யமாம். பதினோரு வீட்டுல நேர்ல கேட்டு எழுதினாங்களாம். யாரும்மா அந்தப் பதினோரு வீடு? காத்தைக் குடிச்சுட்டுக் கிடக்குறாங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரித்தார் என்பதால் சிரித்தேன்.

சின்ன மாற்றம் என்று எழுதினாயே, நூற்றுக்குப் பதினெட்டா சின்ன மாற்றம்? ஆயிரத்து எண்ணூறு வாங்கியவர் இப்போது ஆயிரத்து நானூற்று எழுபத்தாறு வாங்குகிறார். மருத்துவப் படி முழுக்கப் போய்விட்டது. செலவே இல்லாத ஊரில் படி எதற்கு என்று கேட்டார்களாம்.

எத்தனை வீட்டில் கேட்டாய், தம்பி? என்னைத் தவிர இன்னும் பத்துப் பேரிடம் கேட்டேன் என்று ஒரு வரி எழுது. நான் தூங்க வேண்டும்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது, பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். உன் ஏப்ரல் கடிதத்தை அவளுக்கு நான் முழுதாகப் படிக்கவில்லை. டர்னர் அண்ணன் வந்துவிட்டார், நீ வீடு பார்த்துக் கொடுத்தாய் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நீ கோபமாக எழுதியிருக்கிறாய். நான் என்ன தப்புச் செய்தேன்? நீ எழுதியதைத்தானே எழுதினேன். அங்கே போய் விசாரிக்க எனக்கு இரண்டு நாள் கொடுத்தது உண்மை. அந்த வாரம்தான் என் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். மேனேஜரிடம் சொன்னேன். "உனக்குத்தான் அங்க அக்கா இருக்காளே, அவ கணக்கு போதாதா? வீட்டுப் பொம்பளைக்குத் தெரியாத விலையா மார்க்கெட்டுல தெரியப்போவுது?" என்றார். ஒரு வீடு என்று போட்டால் மேலே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பதினொன்று என்று போடு என்றதும் அவர்தான். கையெழுத்து மட்டும் என்னுடையது.

நீ எழுதிய எண்கள் சரியானவை என்றால் யாருக்கும் எந்த அநியாயமும் நடக்கவில்லை. சரியில்லை என்றால், அக்கா, நான் உன்னைத்தான் கேட்க வேண்டும்.

மச்சானைக் கேட்டதாகச் சொல். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தம்பி


மே 14 (அலுவலக முகவரிக்கு)

தம்பி,

இதை அம்மாவுக்குப் படிக்காதே. அதற்காகத்தான் அலுவலகத்துக்கு எழுதுகிறேன்.

உன் கேள்வி நியாயமானது, பதில் சொல்கிறேன்.

வாடகை நானூறு என்றேன். அது உண்மை. அரை அறைக்கு நானூறு. நடுவில் ஒரு இரும்பு அலமாரி நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன் குடும்பம், நாலு பேர். அவர்கள் வீட்டுக் குழந்தை இருமினால் நான் எழுந்து தண்ணீர் எடுக்கிறேன், எங்கள் வீட்டு இருமல் என்று நினைத்து. பல்ப் ஒன்றுதான். அலமாரிக்கு மேலே தொங்குகிறது, இரண்டு பக்கத்துக்கும் பொது. பதினெட்டு அதில் எங்கள் பாதி. பால் தொண்ணூறு என்றது போன வருடக் கணக்கு. இப்போது பால் வாங்குவதில்லை. பஸ்ஸுக்கு இருபத்தைந்து என்றது மழை நாளில் மட்டும் ஏறுவதால். மற்ற நாளில் லாட்ஜுக்கு நடந்துதான் போகிறேன். ஆமாம், லாட்ஜில் படுக்கை விரிப்புத் தேய்க்கிறேன். ஒரு நாளைக்கு நூற்றிருபது விரிப்பு. மத்தியானச் சாப்பாடு அங்கேயே, அதனால்தான் மளிகை முந்நூற்றைம்பதில் முடிகிறது.

மருந்து பூஜ்யம் என்றது மட்டும் பச்சைப் பொய். மாதம் முந்நூற்றுப் பத்து. உன் மச்சான் பஸ்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவர். மூக்கில் கட்டிக்கொள்ள ஒன்றும் தரவில்லை. கேட்டதற்கு முதலாளி ஒரு பழைய பனியனைக் கிழித்துக் கொடுத்தான். நுரையீரல் முழுக்கப் பெயின்ட் என்கிறார் டாக்டர். பதினான்கு மாதமாக வேலையில்லை. மாடிப்படி நாலு ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். மருந்துக்கடைக்காரன் நான் வாயைத் திறக்குமுன் அவர் வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்பை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைக்கிறான், அந்த அளவுக்கு என் முகம் தெரியும்.

அம்மா ஏழு வருடம் முன்னால் வாசலுக்கு வரவில்லை. அந்த வாசலுக்கு நான் எழுதிக்கொண்டிருந்த கடிதங்கள் அவை. நீ ஊருக்கே சட்டம் எழுதப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. என் வீம்பு என் வீட்டு அரை அறையோடு போயிருக்க வேண்டும். இப்போது நூற்று நாற்பது வீட்டு அடுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

உண்மைக் கணக்கைத் தனித்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மேனேஜரிடம் கொடு. தப்பு நடந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல். உன்மேல் பழி வராதபடி என்மேல் போட்டுக்கொள். பொய் சொன்னது அக்காதான் என்று சொல்.

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உங்கள் அனைவரின் சுகத்தையும் அம்மா விசாரிக்கச் சொன்னாள், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறோம். மருமகள் எந்த வகுப்புக்குப் போகிறாள் என்று கேட்கிறாள். வெள்ளையடித்து முடிந்ததா, என்ன நிறம் என்று கேட்கிறாள். அடுத்த மாதம் குழந்தை பிறந்ததும் உன்னை வந்து பத்து நாள் இருக்கச் சொல்கிறாள்.

வெயில் அதிகம். அலுவலகத்தில் எனக்கு மின்விசிறி இருப்பதால் தெரியவில்லை.

அலுவலக முகவரிக்கு எழுத வேண்டாம். அங்கே கடிதங்களைப் பிரித்துவிட்டுத்தான் மேஜைக்கு அனுப்புகிறார்கள். உன் கடிதம் எனக்கு முழுதாகக் கிடைத்ததா என்றுகூடத் தெரியவில்லை.

இத்துடன் முந்நூறு அனுப்பியிருக்கிறேன். மருமகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடு.

தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

முந்நூறைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மருந்துச் செலவு முந்நூற்றுப் பத்து என்று எழுதியிருந்தேன். கிட்டத்தட்ட அந்த அளவுக்குப் பணம் அனுப்பத் தெரிந்த உனக்கு என் கடிதம் முழுதாகக் கிடைத்ததா என்று தெரியவில்லையாம்.

இருபத்திரண்டாம் தேதி டர்னர் அண்ணனின் இடது கண்ணில் இரும்புச் சீவல் தெறித்துவிட்டது. எடுத்துவிட்டார்கள். ஆனால் உள்ளே கீறல் ஆழம், ஆறு வாரத்துக்குள் இன்னொரு தடவை கத்தி வைத்தால்தான் பார்வை நிற்கும் என்கிறார்கள். செலவுச் சீட்டைப் பட்டறை அலுவலகத்தில் கொடுத்தார். ஜன்னலில் இருந்தவன் சீட்டைத் தொடவே இல்லை.

"அண்ணே, இந்த ஊருக்கு மருத்துவம் பூஜ்யம்னு உங்க ஹெட் ஆபீஸே போட்டிருக்கு. பூஜ்யத்துல நான் எதைக் கழிச்சு உங்களுக்குக் குடுக்கட்டும்?"

அவருடைய மனைவி தெருமுனையில் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழுதாள். நான் மறுநாள் லாட்ஜுக்கு லீவு போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, அந்தப் பதினொரு வீடு என் வீடுதான்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எழுந்து என்னோடு வரச் சொன்னேன். ஒரு கண்ணில் கட்டோடு வந்தார். அலமாரியைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார், மூச்சிரைத்துக் கிடக்கும் உன் மச்சானைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். உட்கார்ந்து உன் மச்சானின் முதுகை நீவிவிட்டார். போகும்போது மட்டும் கேட்டார்:

"உனக்கு அம்மா மேல இருந்த வீம்பு, அது புரியுது தங்கச்சி. உன் தம்பிக்கு எங்க மேல என்ன இருந்துச்சு?"

அது நீ பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதனால் உனக்கு எழுதுகிறேன். செப்டம்பர் முப்பதாம் தேதி சம்பளக் கூட்டம். அன்றைக்கு முடிவாகும் தொகை மூன்று வருடத்துக்கு மாறாது. தொழிலாளர் கமிட்டிக்கு என் கணக்கைக் கொடுத்துவிட்டேன். "ஒரு பெண்பிள்ளையின் பேச்சு" என்று நிர்வாகம் தள்ளிவிடும் என்கிறார்கள். அட்டவணையில் கையெழுத்துப் போட்டவன் எழுதினால் தள்ள முடியாது. ஒரே ஒரு வரி போதும்: "விசாரித்தது ஒரு வீட்டில்." கீழே உன் கையெழுத்து.

அக்கா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். உன் சாயல் என்கிறாள் அம்மா.

செலவு கூடிவிட்டது. இந்த நேரத்தில் எனக்கு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. நீ புரிந்துகொள்வாய்.

தம்பி


செப்டம்பர் 24

தம்பிக்கு,

குழந்தைக்கு என் முத்தம். அதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குக் கோபம் இல்லை.

ஆகஸ்டில் இரண்டு கடிதம், இந்த மாதம் ஒன்று, மூன்றுக்கும் பதில் இல்லை. நீ காரியம் இருந்தால்தான் எழுதுகிறவன், உனக்கு இப்போது என்னிடம் காரியம் இல்லை. டர்னர் அண்ணனுக்கு ஆறு வாரம் கடந்துவிட்டது. இடது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம், உருவம் தெரியவில்லை. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு லேத்தில் அளவு பிடிக்க முடியாது என்று அவரைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கும் நூற்றுக்குப் பதினெட்டுக் குறைவு.

கூட்டத்துக்கு இன்னும் ஆறு நாள். முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். வெற்றுத்தாளும் வைத்திருக்கிறேன். பேனா உன் மேஜையில் இருக்கும்.

இந்தக் கடிதத்தை வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். தபால்காரர் வரும் நேரத்தில் அம்மாதான் வாசலில் இருப்பாள். உறையைத் தடவிப் பார்த்தே என்னுடையது என்று கண்டுபிடித்துவிடுவாள். சாயங்காலம் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வாள். படி. இங்கிருந்து சத்தமாகப் படி.

அம்மா, வீட்டில் வெள்ளையடிக்கவில்லை. அது அரை அறை. நான் லாட்ஜில் துணி தேய்க்கிறேன். உன் மருமகன் படுத்துப் பதினெட்டு மாதம் ஆகிறது. நான் உனக்கு எழுதிய பால், வாடகை, பஸ் எல்லாம் நீ எங்களைப் பற்றிக் கவலையில்லாமல் தூங்க வேண்டும் என்பதற்காக எழுதியது. பாதி உனக்காக, பாதி உன்னை ஜெயிக்க. அதை உன் மகன் தாளில் ஏற்றி, பதினொரு வீட்டில் கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டு, அடுத்த தெரு டர்னரின் சம்பளத்தையும் கண்ணையும் எடுத்துக்கொடுத்தான். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இதையும் சொல். எனக்கு வெட்கம் போய்விட்டது.

தம்பி, இதுவரை படித்திருந்தால் அம்மா உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். என் மூன்று கடிதத்துக்குப் பதில் சொல்லாத நீ அவளுக்காவது சொல். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொல்.

எத்தனை வீட்டில் கேட்டாய்?